ஜன்னல் பக்கத்துக் கன்னம்

அந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்களிடம் போய் அவள் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். கற்றுக்கொள்கிறவர்களுக்கான காரில் ஓட்டுகிறவர் காலடியில் மூன்று பெடல் இருக்கும். பக்கத்துச் சீட்டில் உட்காருகிற வாத்தியார் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த நாலாவது பெடலுக்கு இருபத்து நாலு வருஷமாக அவள்தான் சொந்தக்காரி. சுவரைக் கண்டதும் ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஆட்கள் உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காலுக்குச் சளைத்ததல்ல வாய். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவரைத் திட்டுவதோடு அவள் நிறுத்திக்கொள்வதில்லை. ரோட்டில் போகிற அத்தனை பேரையும் திட்டியாக வேண்டும். குறுக்கே வருகிற சைக்கிள், கை காட்டாமல் திரும்புகிற ஆட்டோ, நடுரோட்டில் நின்று போன் பேசுகிற பெரிய மனுஷன் எல்லாருக்கும் அர்ச்சனை உண்டு. அதற்கு ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். ஆகவே அது எப்போதும் இறங்கியே இருந்தது. இடது முழங்கையை ஜன்னலில் ஊன்றி, இடது கன்னத்தை வெளியே காட்டி, காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை வெயிலைக் குடித்துக்கொண்டே அவள் பாடம் நடத்தினாள். வலது கை அவளுடையது, இடது கை யாரிடமோ இரவல் வாங்கியது என்று ஓட்டப் படிக்க வருகிற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் புருஷன் வெயிலே படாத ஆள். ஜெராக்ஸ் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டிருந்த ஒற்றை அறைதான் ஸ்கூலின் அலுவலகம். அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்புவதும், சுவரில் மாட்டிய அட்டையைக் குச்சியால் தொட்டுத் தொட்டு போக்குவரத்துச் சின்னங்களைச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. முத்து முத்தான கையெழுத்து. அவர் நிரப்பிய படிவம் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பேச்சு மட்டும் வராது. சரியான கல்லுளிமங்கன். பேச வேண்டியதையெல்லாம் பெண்டாட்டி பேசிவிடுவதால் தனக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் இடது கன்னத்தில், கண்ணின் ஓரத்துக்கு மூன்று விரல் கீழே, ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. கடுகு அளவு. கொஞ்சம் பளபளப்பு. மச்சம் என்று அவளே முடிவு கட்டினாள். அந்தச் சமயம் பார்த்து ஓர் அதிசயமும் நடந்தது. அவளிடம் படித்து டெஸ்டுக்குப் போனவர்கள் வரிசையாக முதல் தடவையிலேயே பாஸானார்கள். ஒருவர் பாக்கியில்லை. "அக்கா, உங்களுக்கு மச்சம்க்கா!" என்று பதினோராவதாகப் பாஸான ஒரு தையல்காரர் சொல்லிவைக்க, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கை முப்பத்தேழுக்கு வந்தபோது அந்தப் புள்ளி பட்டாணியில் பாதி இருந்தது. மச்சம் வளர வளர மதிப்பும் வளர்ந்தது.

பிறகு அதன் நடுவே குழி விழுந்தது. பொருக்குத் தட்டியது, பொருக்கு உதிர்ந்து மறுபடியும் தட்டியது. முகம் துடைக்கும்போது துண்டில் சிவப்பாக ஒட்டியது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இது ஆறலையே. யார்கிட்டயாவது காட்டணும்."

"மச்சத்தப் போய் யாராவது டாக்டர்கிட்ட காட்டுவாங்களா? சிரிப்பாங்க. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்று சொல்லிக்கொண்டாளே தவிர, உள்ளே பயம் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தலை வாரும்போது வலது கன்னத்தை மட்டும் கண்ணாடிக்குக் காட்டி வாரினாள். யாரும் பார்க்காத வரைக்கும் அது மச்சம். பார்த்துவிட்டால் அதற்கு வேறு பெயர் வந்துவிடும். லாரிக்கு நேராக விரல் நீட்டிச் சண்டை போடுகிறவள் தன் கன்னத்தில் இருப்பதை விரலால் தொடப் பயந்தாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு காலையில் அலுவலக வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. தலையில் முறம் மாதிரி அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டு வரை இறங்கிய சட்டை, கையுறை, முகத்தில் வெள்ளையாக ஏதோ பூச்சு. தேன்கூடு கலைக்க வந்த ஆள் என்று நினைத்து, "இங்க தேன்கூடு எதுவும் இல்லீங்களே" என்று சொல்ல அவள் வாயெடுத்துவிட்டாள்.

"புது அட்மிஷன். டாக்டர்" என்றார் புருஷன், படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

தோல் டாக்டராம். ஊருக்கு வெளியே ஒரு கிளை மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் போக வேண்டுமாம், பஸ் கிடையாதாம். வேறொரு ஸ்கூலில் படித்து இரண்டு தடவை டெஸ்டில் தோற்றவராம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாவியைக் கையில் கொடுத்ததும், பல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்று சொன்ன மாதிரி முகம் வெளிறியது.

ஓட்டின லட்சணத்தைக் கேட்கவே வேண்டாம். மைதானத்தில் வரிசையாக வைத்திருந்த ரப்பர் கூம்புகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கிளட்சை விடச் சொன்னால் ஸ்டீயரிங்கை விட்டார்.

"டாக்டரம்மா! கிளட்ச்சுன்னா காலு! கைய ஏம்மா எடுக்கறீங்க?"

திட்டும்போது பிரேக் அக்காவுக்கு ஒரு பழக்கம். அரைகுறையாகத் திட்டமாட்டாள். சீட்டில் முழுதாகத் திரும்பி, முகத்துக்கு நேரே முகம் வைத்துத் திட்டுவாள். அப்படித் திரும்பியபோது ஒன்றைக் கவனித்தாள். டாக்டரம்மா கூனிக் குறுகவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளுடைய இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சில என்ன சிக்னலா இருக்கு? ரோட்டப் பாருங்க!"

மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தது. இரண்டாவது கியருக்குப் பதிலாக நாலாவது விழுந்து, வண்டி இருமி, நின்றது. அவள் திரும்பினாள்.

"அக்கா, அந்தக் கன்னத்துல இருக்கறது எத்தன நாளா இருக்கு?" என்று டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"ரெண்டாவது கியரு எத்தன நாளா விழலன்னு மொதல்ல அதச் சொல்லுங்க."

"ரத்தம் வருதா?"

"அது மச்சம்மா. அதிர்ஷ்ட மச்சம். அது வந்ததுக்கப்புறம் முப்பத்தேழு பேர் வரிசையா பாஸ். நீங்கதான் முப்பத்தெட்டாவது. அதுவே இப்ப பயந்துபோய்க் கெடக்கு."

"மச்சத்துல பொருக்குத் தட்டாதுக்கா. ரெண்டு மாசமா, மூணு மாசமா ஆறாம, ஆறின மாதிரி ஆறி மறுபடி ஒடைஞ்சா அத ஒரு தடவ பாத்துடணும்."

"கேன்சரு அது இதுன்னு சொல்லி பயமுறுத்தாதீங்க. வெயில்லயே வெந்த தோலு இது. வெள்ளத் தோலுக்காரங்களுக்குத்தான் அதெல்லாம் வரும்."

"நம்ம தோலுக்குக் கம்மியாத்தான் வரும். வரவே வராதுன்னு யாரு சொன்னா? வராதுன்னு நம்பி வீட்டுல உக்காந்திருந்துட்டு, கடைசில வந்து நிக்கறவங்களத்தான் நான் தெனம் பாக்கறேன். அது என்னன்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அவள் வாயில் எது வந்தாலும் வரும். சரி என்பது மட்டும் வராது. எதிரே விழுந்துகிடந்த ரப்பர் கூம்புகளைப் பார்த்தாள். குசும்பு தலைக்கேறியது.

"வர்றேன். நீங்க டெஸ்ட் பாஸ் பண்ணுங்க. மறுநாள் காலைல உங்க ஆஸ்பத்திரி நாற்காலில நான் உக்காந்திருப்பேன்."

இந்த ஜன்மத்தில் நடக்காத காரியம் என்ற தைரியத்தில் சொன்னது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என்ன ஏன்னு கேளுங்க."

மறுநாளிலிருந்து டாக்டரம்மா காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார். பிரேக் அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவளிடம் திட்டம் ஒன்று இருந்தது. டெஸ்டில் எல்லாரையும் கவிழ்ப்பது மேடு. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டால் தீர்ந்தது. சமதரையிலேயே உருட்ட வைத்தாள். எட்டுப் போட வைத்தாள். ரிவர்ஸ் பழக்கினாள். மேட்டுப் பக்கம் திரும்பினால், "அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள்.

இந்தத் திட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது பத்து நாள் கழித்துத்தான் அவள் புத்தியில் உறைத்தது. டாக்டரம்மா தோற்றால் முப்பத்தேழோடு கணக்கு முடிந்துவிடும். மச்சத்தின் மானம் போய்விடும். ஜெயித்தால் மச்சத்தையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மச்சத்துக்கு நஷ்டம். இதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் பொருக்கு இழுத்துக்கொண்டு வலித்தது.

திட்டத்தைக் கெடுத்தது வேறு யாருமில்லை, அவளுடைய குணம்தான். ஒருநாள் திரும்பி வரும் வழியில் ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. டாக்டரம்மா வண்டியைக் கிளப்பத் தெரியாமல் கிளட்சைப் போட்டு அரைக்க, கருகல் வாடை வந்தது. அவளுக்கு எதைப் பொறுத்தாலும் கிளட்ச் கருகுவதைப் பொறுக்க முடியாது.

"ஐயோ, வண்டி அழுவுதும்மா! நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. இப்ப கிளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவா. வண்டி மூக்கத் தூக்கும் பாருங்க, தூக்குதா? அங்கயே வெச்சிக்கங்க. இப்ப ஹேண்ட் பிரேக்க எறக்குங்க. ஆங்!"

வண்டி வெண்ணெயாக ஏறியது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வேன்காரனை ஜன்னல் வழியாக ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பிய பிறகுதான், சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றிருந்ததை முழுசாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. டாக்டரம்மா முகத்தில் சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"ஒரு தடவ ஏத்திட்டா ஆச்சா? நூறு தடவ ஏத்தணும்" என்று கத்தினாள். அன்றே இருபது தடவை ஏற்றவும் வைத்தாள்.

டெஸ்ட் நாள் வந்தது. லைசென்ஸ் மைதானத்து இன்ஸ்பெக்டர் சிரித்துப் பார்த்தவர் கிடையாது. முன் சீட்டில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் அவர் உட்காருவார். ஸ்கூல் வாத்தியார் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இருமினால்கூட ஜாடை என்று சொல்லி இறக்கிவிடுவார். பிரேக் அக்காவுக்கு உலகத்திலேயே கஷ்டமான இடம் அந்தப் பின் சீட்டுதான். மேட்டில் வண்டியை நிறுத்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கிளப்பும்போது பின் சக்கரம் உருண்டு அந்தக் கோட்டைத் தொட்டால் ஃபெயில். கோட்டருகே நின்று பார்ப்பதற்கு ஓர் ஆள் இருந்தார்; அவர் ஓய்வு பெற்ற பிறகு யாரையும் போடவில்லை. மற்ற ஸ்கூல் வண்டிகளுக்கு இன்ஸ்பெக்டரே இறங்கி நின்று பார்ப்பார். பிரேக் அக்கா வண்டிக்கு மட்டும் இறங்கமாட்டார். அவளைப் பின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொல்வார். தன்னிடம் படித்த இரண்டு பேர் கோட்டைத் தொட்டார்கள் என்று வெகு காலத்துக்கு முன்பு அவளே வாயால் சொன்னவள். அன்றிலிருந்து அவள் சொன்னால் சொன்னதுதான்.

டாக்டரம்மா எட்டுப் போட்டார். ரிவர்ஸ் எடுத்தார். மேட்டில் நிறுத்தினார். கிளப்பும்போது கால் நடுங்கிவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. ஒரு சாண், இன்னொரு சாண். பிறகு மூக்கைத் தூக்கி நின்றது.

"அப்படியே நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "பின்னாடி போச்சே. அக்கா, எட்டிப் பாருங்க. கோட்டைத் தொட்டுச்சா?"

அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள். வெயில் நேராகக் கன்னத்தில் அடித்தது. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது.

தொட்டுச்சு என்று ஒரு வார்த்தை. யாரும் இறங்கி வந்து பார்க்கப்போவதில்லை. ஆஸ்பத்திரி இல்லை, நாற்காலி இல்லை, பெயர் சொல்லப்போகிற ஆள் இல்லை. டாக்டரம்மா மறுபடியும் முதலிலிருந்து வருவார், அதற்குள் ஒரு மாசம் ஓடிவிடும், அதற்குள் புண்ணே ஆறிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. தலையை உள்ளே இழுத்தாள். முன்னால் டாக்டரம்மாவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நடுங்குவது தெரிந்தது. தொப்பி இல்லாத பின்னங்கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷி தினம் இரண்டு வேளை வந்தாளே என்று அவளுக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோபமும் வந்தது.

"தொடல. ரெண்டு வெரல் பாக்கி இருக்கு. எப்படித் தொடும்? ஆறு வாரமா தொண்டத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன்!"

"கத்தாதீங்க. பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலையில் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காப்பாற்றினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. புருஷன் முன்னால் நடக்க, அவள் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று போனாள். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு அறுந்துவிட்டது என்றாள். அறவில்லை என்று புருஷன் குனிந்து பார்த்துச் சொன்னார்.

உள்ளே டாக்டரம்மா வேறு ஆளாக இருந்தார். கை நடுங்கவில்லை. முனையில் விளக்கு வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை அவள் கன்னத்தில் ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தார். இவள்தான் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினாள்.

"அக்கா, தலைய ஆட்டாதீங்க. நேராப் பாருங்க. மூச்ச விடுங்க. ஏங்க்கா மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"நீங்க கத்தாதீங்கம்மா. பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னதே அவளுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி முனை அளவுக்குத் தோலைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் பிரேக் அக்கா யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். அவள் திட்டாத வண்டியில் ஓட்டுவதற்குக் கை வரவில்லை என்று ஒருவர் அலுவலகத்தில் புகாரே கொடுத்தார்.

பதினோராம் நாள் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சர்தாங்க்கா. இருங்க, முழுசாக் கேளுங்க. இதுல பல வகை உண்டு. உங்களுக்கு வந்திருக்கறது அதுல சோம்பேறி. ஊர் சுத்தாது. இருக்கற எடத்துலயே குந்திக்கிட்டுச் சுத்தி இருக்கறதத் தின்னும். இப்ப எடுத்துட்டா இதோட கதை முடிஞ்சது. இன்னும் ரெண்டு மூணு வருஷம் இத மச்சம்னு கொண்டாடியிருந்தா கீழ் இமைக்குப் போயிருக்கும். அப்புறம் கண்ணு."

கண் என்றதும் அவள் கை தன்னால் கீழ் இமையைத் தொட்டது. ஜன்னலும் ரோடும் கண்ணாடியும் தவிர வேறென்ன தெரியும் அவளுக்கு. கண் போன பிறகு அந்த நாலாவது பெடலை எதை நம்பி மிதிப்பது?

"வெயில்தான் காரணமாம்மா?"

"இருபத்து நாலு வருஷம் ஒரே கன்னத்துல வாங்கியிருக்கீங்க. வலது பக்கம் பாருங்க, ஒண்ணுமில்ல. வெயில் ஒண்ணுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அதுக்கு இதுல பெரிய பங்கு இருக்கு."

அடுத்த வாரம் அதைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். ஏழு தையல். எடுத்த துண்டின் ஓரங்களில் எதுவும் மிச்சமில்லை என்று பரிசோதனையில் வந்தது. இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உடம்பு முழுக்கக் காட்ட வேண்டும். ஆறாத புண்ணோ புதிதாக வளர்கிற புள்ளியோ பழைய மச்சத்தில் மாற்றமோ தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். உள்ளங்காலையும் விடாமல் மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் டாக்டரம்மா விரல் நீட்டிச் சொன்ன தோரணை எங்கே கற்றது என்று பிரேக் அக்காவுக்குப் புரிந்தது.

தையல் பிரிக்கிற நாளன்று அவள் முழுக்கைச் சட்டை போட்டு, காது மூடிய தொப்பி வைத்து, முகத்தில் வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டு வந்திருந்தாள். வண்டியின் இடது ஜன்னல் கண்ணாடி மேலே ஏறிவிட்டது. பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை மைதான வகுப்பு கிடையாது என்று அலுவலகத்தில் எழுதி ஒட்டியாயிற்று. ரோட்டில் போகிறவர்களைத் திட்டினால் அவர்களுக்குக் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

நர்ஸ் தையலைப் பிரித்து முடித்துப் பஞ்சு எடுக்க உள்ளே போனாள். மேஜைமேல் பிரேக் அக்காவின் ஃபைல் கிடந்தது. தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுகிற ஜாதி அவள் இல்லை. திறந்தாள். முதல் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவள் இருபத்து நாலு வருஷமாகப் படிவங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே இருந்த தேதி, டாக்டரம்மா முதல் வகுப்புக்கு வந்த நாளுக்கு ஒரு மாசத்துக்கும் முந்தையது.

என்ன தொந்தரவு என்ற கட்டத்தில், இடது கன்னத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண், கேட்டால் மச்சம் என்கிறாள் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்து ஐந்து புதன்கிழமைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நோயாளி வரவில்லை, கணவர் வந்தார் என்று டாக்டரம்மாவின் கிறுக்கல். அதற்குக் கீழே மறுபடியும் முத்து முத்தாக: துண்டில் ரத்தம். தலையணை உறையில் ஒரு பொட்டு. இன்று பொருக்கு உதிர்ந்தது. சாப்பிடும்போது இடது பக்கம் கை வைக்கிறாள், வலி என்று நினைக்கிறேன். கடைசிப் புதனில் ஒரே ஒரு வரி: நீங்கள்தான் ஏதாவது வழி செய்ய வேண்டும்.

புதன்கிழமைகளில் அவர் லைசென்ஸ் அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் போவார்.

டாக்டரம்மா உள்ளே வந்தார். திறந்திருந்த ஃபைலையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

"டோக்கன் வாங்கி ரெண்டு மணி நேரம் வரிசைல உக்காந்திருப்பாருக்கா. முறை வந்ததும் உள்ள வந்து, அவ இன்னிக்கும் வரலன்னு சொல்லிட்டு, இத எழுதி வெச்சிட்டுப் போவாரு. எனக்கே தாங்கல. ஒரு நாள் கேட்டேன், நான் வேணா வீட்டுக்கு வரட்டுமான்னு. வீட்டுக்கு வந்தா தொரத்திடுவா, வண்டி கத்துக்க வாங்க, பக்கத்துலயே உக்காந்திருப்பான்னாரு."

"அப்ப அந்தக் கிளை ஆஸ்பத்திரி?"

"நெசந்தான். ஆனா ஃபெயிலான அன்னிக்கே இனிமே ஸ்டீயரிங்கத் தொடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். வண்டின்னா எனக்கு அவ்வளவு பயம்."

"அப்ப கியரு மாத்திப் போட்டதெல்லாம்?"

டாக்டரம்மா கொஞ்சம் நெளிந்தார். "திட்டு வாங்கினாத்தான நீங்க திரும்புவீங்க? திரும்பினாத்தான அந்தப் பக்கத்துக் கன்னம் தெரியும்? பாதித் தப்பு வேணும்னே பண்ணதுக்கா. மீதிப் பாதி நெசமாவே வரல."

பிரேக் அக்கா எழுந்தாள். ஃபைலை மூடி மேஜைமேல் நேராக வைத்தாள். வெளியே போய் அந்த ஊமைக் குசும்பனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகத்தான் கதவைத் தள்ளினாள்.

கூடத்தில் ஜனம் நிறைந்திருந்தது. அவர் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் துண்டை விரல்களுக்கு நடுவே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து இடம் விட்டார். அவள் போய் உட்கார்ந்தாள். திட்ட வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

அவர் குனிந்து அவள் இடது கன்னத்தைப் பார்த்தார்.

"தையல் பிரிச்சது வலிக்குதா?"

துளிகூட வலிக்கவில்லை.

"ஆமா" என்றாள். இத்தனை ஜனத்துக்கு நடுவே அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, விசித்து விசித்து அழுதாள்.